பள்ளத்திலிருந்து மேடைக்கு: 'ரோமியோ ஜூலியட்' பாலே இசை கச்சேரியில் அடையும் மாற்றம்

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்துக்கு ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியெவ் 1935இல் எழுதிய பாலே இசை, நடன மேடைக்கு முன்பே கச்சேரி மேடையை எட்டிவிட்டது. ஆடுவதற்கு ஏற்றதல்ல என்று மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கு அதை ஒதுக்கியதால், அவர் அதிலிருந்து கச்சேரியில் வாசிப்பதற்கான இரண்டு இசைத்தொகுப்புகளை அமைத்தார். முதல் தொகுப்பு 1936இல் மாஸ்கோவிலும், இரண்டாவது 1937இல் லெனின்கிராடிலும் ஒலித்தன. பாலே 1938 டிசம்பர் 30 அன்றுதான், அதுவும் செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரில், முதன்முதலாக ஆடப்பட்டது. நடனம் இல்லாத கச்சேரியைக் குறைபட்ட வடிவமாக நான் கருதவில்லை. ஒலி பிறக்கும் இடமும், அது பரவும் விதமும், காலத்தின் கட்டுப்பாடும் அங்கே வேறாகிவிடுகின்றன.

பாலே அரங்கில் இசைக்குழு மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமர்கிறது. பள்ளத்தின் சுவர், வாத்தியங்களுக்கும் கீழ்த்தளத்து இருக்கைகளுக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், அது சுவரின் விளிம்பில் எளிதாக வளைந்து வந்துவிடும். 4000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் 8.5 சென்டிமீட்டர்தான், அது அவ்வளவாக வளையாது. ஆகவே வயலின் வில் நரம்பைப் பற்றும் கூர்மை கீழே இருப்பவர்களுக்கு மங்கியே கேட்கும். மேடையில் ஆடுபவர்களின் நிலை இன்னும் கடினம். 1940இல் லெனின்கிராடின் கீரோவ் அரங்கில் ஜூலியட்டாக ஆடிய கலினா உலனோவாவும் சக கலைஞர்களும் இசை சரியாகக் கேட்கவில்லை என்று முறையிட்டதால், புரோகோஃபியெவ் சில இடங்களில் வாத்தியங்களைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. கச்சேரியில் இந்தத் தடுப்பு இல்லை. இசைக்குழு மேடைமேல் இருப்பதால் ஒலி கேட்பவரை நேராக அடைகிறது.

காலத்தின் கட்டுப்பாடு உடலிலிருந்து வருவது. 50 சென்டிமீட்டர் உயரம் எழும்பும் கலைஞர் சுமார் 0.64 நொடி காற்றில் இருப்பார். அதை நீட்டவோ குறைக்கவோ எந்தப் பயிற்சியாலும் முடியாது, ஏனெனில் அதை முடிவு செய்வது புவியீர்ப்பு. எனவே பாலேயில் இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர், ஆடுபவர்களின் கால்கள் தரையைத் தொடும் கணத்தைப் பார்த்தே வேகத்தை அமைக்கிறார். கச்சேரியில் அந்தக் கடிவாளம் இல்லாததால், ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டின் வாள்சண்டையில் வயலின்கள் தங்கள் விரல்கள் தாங்கும் எல்லைவரை விரைய முடிகிறது.

அரங்கின் எதிர்முழக்கமும், அதாவது ஒலி நின்றபின் சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் எச்சமும், வேறு. ஒலி நின்றபின் அதன் அளவு 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரம் மிலானின் லா ஸ்காலா போன்ற நாடக அரங்கில் சுமார் 1.2 நொடி, வியன்னாவின் மூசிக்ஃபெரைன் போன்ற கச்சேரி அரங்கில் ஏறத்தாழ 2 நொடி. நாடகத்தின் இரு பகைக் குடும்பங்களின் பெயரால் அமைந்து, இரண்டாம் தொகுப்பைத் தொடங்கும் 'மாண்டேகுகளும் கேப்புலெட்டுகளும்' பகுதியைக் கேட்கும்போது இந்த வேறுபாடு நன்கு விளங்கும். பித்தளைக் குழல்களும் தாள வாத்தியங்களும் முரண்சுரங்களை அடுக்கடுக்காக உயர்த்தி முழங்குகின்றன. அது சட்டென அறுந்ததும் நரம்பு வாத்தியங்களின் மிக மெல்லிய சுரக்கூட்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) மட்டும் எஞ்சுகிறது. பெரும் ஒலி சிறு ஒலியை மறைக்கும் என்பதோடு, பெரும் ஒலி நின்ற பிறகும் ஏறத்தாழ 200 மில்லிநொடிவரை காதின் உணர்திறன் தாழ்ந்தே இருக்கும். அந்த இடைவெளிமேல் அரங்கின் எதிர்முழக்கமும் சேர்வதால், மெல்லிய சுரக்கூட்டு எப்போது தொடங்கியது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. முழக்கத்துக்குள்ளேயே அது முன்பே இருந்ததுபோல் தோன்றுகிறது. இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம் இதுவே.

முதல் தொகுப்பு 'டைபால்ட்டின் மரணம்' பகுதியோடு முடிகிறது. அதில் இசைக்குழு முழுவதும் ஒரே சுரக்கூட்டைப் பதினைந்து முறை அறைகிறது. குறைந்த எதிர்முழக்கமுள்ள அரங்கில் அடிகளுக்கிடையே வெறுமை விழும். கச்சேரி அரங்கிலோ ஓர் அடியின் எச்சம் தணிவதற்குள் அடுத்தது வந்து சேரும். எனவே நடத்துநர் அந்த அடிகளுக்கிடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒத்திகையில் அரங்கின் ஒலியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஒத்திகையில் காலியாக இருந்த இருக்கைகளில் ஆட்கள் நிறைந்ததும் எதிர்முழக்கம் குறையும் என்பதையும் அவர் கணக்கில் கொள்ள வேண்டும்.