மியூரல் – சுவரோவியம்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள நம் லெனேசியாவில், ஆர்லாண்டோ கோபுரங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பக்கத்துச் சொவெட்டோவில், 1998இல் மூடிய அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் அவை. ஒன்றைச் சுற்றிலும் சொவெட்டோ மக்களின் வாழ்க்கையைத் தீட்டியிருக்கிறார்கள், மற்றதில் விளம்பரம். முதலாவதை நம் வீடுகளில் 'மியூரல்' என்கிறோம். அதற்குத் தமிழில் சுவரோவியம் என்ற அருமையான சொல் இருக்கிறது.

லத்தீனில் 'மூருஸ்' என்றால் சுவர். அதிலிருந்து வந்த 'மியூரல்' ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'சுவர் சார்ந்த' என்று பொருள்படும் அடைமொழியாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில்தான் அது ஓவியத்துக்கே பெயரானது. 1920களில் ஓவியர் டியேகோ ரிவேரா முதலியோர் மெக்சிகோவின் பொதுக் கட்டடங்களில் தீட்டியவை இக்கலையை உலகறியச் செய்தன.

தமிழில் சுவர், ஓவியம் இரண்டுமே பழஞ்சொற்கள். ஓவியத்தைப் புறநானூறு 'ஓவம்' என்கிறது. நெடுநல்வாடையில் அரசியின் அரண்மனைச் சுவர் செம்பால் செய்தது போலிருக்கிறது. அதில் 'உருவப் பல்பூ ஒருகொடி வளைஇ', அதாவது அழகிய பல பூக்களுடைய ஒற்றைக் கொடி வளைந்தோடுகிறது. பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில், இவன் இந்திரன், இவள் அகலிகை என்று வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சுட்டிக் காட்டுகிறார்கள். படத்தின் முன் நின்று ஆள் அடையாளம் சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது!

வளைந்த கான்கிரீட் கோபுரத்தைச் சுவர் என்னலாமா என்று கேட்கலாம். தாராளமாக. சித்தன்னவாசலின் புகழ்பெற்ற தாமரைக் குளம் இருப்பது குகையின் விதானத்தில். அதையும் சுவரோவியம் என்றே சொல்கிறோம். கட்டடத்தின் மேனியிலேயே தீட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். துணியில் வரைந்து மாட்டினால் அது சுவரோவியம் ஆகாது.

'ஃபிரெஸ்கோ' வேறு. இத்தாலிய மொழியில் 'புதியது' என்று பொருள். சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்ட வேண்டும்; சாந்து காற்றுப்பட்டு இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அதை ஈரச்சாந்து ஓவியம் எனலாம். ஆலைச் சுவரில் ஸ்பிரே பெயின்ட் அடித்து வரைவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

தெருச் சுவர்களில் எழுதியும் வரைந்தும் வைக்கும் 'கிராஃபிட்டி'யைக் கிறுக்கல் என்று மொழிபெயர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தாலிய மூலத்தின் பொருள் கீறுவது. பானையோட்டுக் குறிகளைக் கீறல் குறியீடுகள் என்று நம் தொல்லியலாளர்கள் எழுதுகிறார்கள். அதை ஒட்டிச் சுவர்க்கீறல் என்றால் மூலப்பொருளும் நிற்கும், வரைந்தவரை இழிவுபடுத்தியதாகவும் ஆகாது.

ஆர்லாண்டோவின் இரண்டாம் கோபுரத்தில் இருப்பது சுவர் விளம்பரம். எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பெயரே சரி. சுவரோவியம் தீட்டுபவர் சுவரோவியர்; தெருவையே களமாகக் கொண்டவரைத் தெருவோவியர் என்று அழைக்கலாம்.