சின்ன எண்டோஸ்கோபி தானே, ஒரு டீ குடிச்சா என்ன?

வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்தைப் பாக்குறதுதான் எண்டோஸ்கோபி, அதுக்கு மயக்கம் கொடுக்கற டாக்டர் நான். வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது காலையில என்ன சாப்பிட்டீங்கன்னுதான். ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்னு அடிச்சு சொல்வாங்க, கூட வந்தவங்க மெதுவா "ஒரு டீ மட்டும் குடிச்சாரு"ம்பாங்க. அந்த டீக்காக கேஸை மதியத்துக்கு தள்ளிடுவேன், கோவப்படுவாங்க, பரவால்ல.

பால் ஊத்தின டீ, காபி எங்க கணக்குல சாப்பாடுதாங்க, 6 மணி நேரம் இடைவெளி வேணும். பிரியாணி, பொரிச்சதுன்னா 8 மணி நேரம். குழந்தைக்கு தாய்ப்பால்னா 4. வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் பெரும்பாலானவங்க குடிக்கலாம், அதனால டாக்டர் சொல்லாம வயசானவங்கள ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி கூட இல்லாம போட்டு வாட்டாதீங்க.

மயக்கத்துல இருமல் வராது, வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா அரை மணி நேர வேலைக்கு வந்தவர் ஐசியூல படுக்க வேண்டியதாயிடும். வாராவாரம் வெயிட் குறைக்க, சுகருக்குன்னு செமாக்ளூடைட் ஊசி போடுறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, அது வயிறு காலியாகறதையே மெதுவாக்கிடும், பட்டினி இருந்தாலும் உள்ள சாப்பாடு கிடக்கலாம். குறட்டை, தண்ணி அடிக்கிற பழக்கம், ஆடுற பல்லு, எதையும் வீட்டு ஆளுங்க முன்னாடி கூச்சப்பட்டு மறைக்காதீங்க, தனியா சொல்லணும்னா அவங்கள வெளிய அனுப்பச் சொல்லுங்க.

மயக்கத்துக்கு இப்போ நிறைய இடத்துல போடுறது ப்ரோபோஃபால்ங்கற மருந்து, சோயா எண்ணெயில கலந்தது, பால் மாதிரி வெள்ளையா இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள தூங்கிடுவீங்க, நிறுத்தினா சீக்கிரம் முழிச்சிடுவீங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச மருந்து. ஆனா டோஸ் கொஞ்சம் கூடினாலும் மூச்சு நிக்கும், பிரஷர் இறங்கும். மிடசோலம்ங்கற தூக்க மருந்துக்கு முறிமருந்தா ஃப்ளூமசெனில் இருக்கு, ஃபென்டனில்ங்கற வலி மருந்துக்கு நலோக்ஸோன் இருக்கு, ப்ரோபோஃபாலுக்கு முறிமருந்தே கிடையாது, மருந்து இறங்குற வரைக்கும் பக்கத்துல நின்னு மாஸ்க் வெச்சு மூச்சு கொடுக்க ஒரு ஆள் வேணும். 2009ல மைக்கேல் ஜாக்சன் இறந்தது இதே மருந்தாலதான், தூக்கத்துக்காக வீட்டுல போட்டிருந்தாங்க, ஒழுங்கான மானிட்டர் எதுவும் இல்ல. அதனால கிளினிக்கோ பெரிய ஆஸ்பத்திரியோ, மயக்கம் யார் கொடுக்கறாங்க, ஆக்ஸிஜனும் மானிட்டரும் அந்த ரூம்லயே இருக்கான்னு தாராளமா கேளுங்க.

முழிச்சதும் தெளிவா பேசுவீங்க, நல்லாதான் இருக்கேன்னு தோணும், ஆனா மிடசோலம் போட்டிருந்தா அப்போ டாக்டர் சொன்னதுல பாதி ஞாபகம் இருக்காது. அதனால ரிசல்ட்டைக் கேட்டுக்க கூட ஒருத்தர கூட்டிட்டு வாங்க, அன்னிக்கு பைக்கையும் அவரே ஓட்டட்டும்.