கதிரியக்கச் சிதைவு இல்லைங்க, கதிர்வீச்சுச் சேதம்

ஹைட்ரஜன் எரிபொருள் கலம் (ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணியும் தர்ற கருவி, நடுவுல மெல்லிய சவ்வு ஒண்ணு இருக்கும்) ஓடிட்டு இருக்கும்போதே எக்ஸ்ரேல படம் எடுத்தா அதோட திறன் குறையுதுன்னு எழுதுறவங்க, "சவ்வில் கதிரியக்கச் சிதைவு ஏற்படுகிறது"ன்னே திரும்பத் திரும்ப போடுறாங்க. ஒரு தடவன்னா விட்டுடலாம், இப்ப இதுவே நிலைச்சிடும் போல இருக்கு.

கதிர் பழைய சொல்லு, வீசுறது வீச்சு, சேத்தா கதிர்வீச்சு. வெளிச்சம், வெப்பக்கதிர், 1895ல ராண்ட்ஜென் கண்டுபிடிச்ச எக்ஸ்ரே எல்லாம் இதுல அடங்கும். கதிரியக்கம் வேற, நிலையில்லாத அணுக்கரு தானாவே கதிர வெளிய விடுற குணம், 1898ல கியூரி தம்பதி பேர் வெச்சாங்களே அது. அந்தக் கரு மாறுறதுக்குத்தான் பாடப்புத்தகத்துல கதிரியக்கச் சிதைவுன்னு பேரு.

இப்ப அதே பேர சவ்வுக்கு வெச்சா, படிக்கிற பையன் சவ்வே யுரேனியம் மாதிரி ஆயிடுச்சுன்னுதான நெனப்பான்? நடக்கறது என்னன்னா, உள்ள தண்ணி எங்க தேங்கி ஆக்ஸிஜன் வழிய அடைக்குதுன்னு பாக்கத்தான் சிங்க்ரோட்ரான்ங்கற பெரிய துகள் முடுக்கில இருந்து வர்ற எக்ஸ்ரே விடுறாங்க, அந்தக் கதிர் அணுக்கள்ல இருந்து எலக்ட்ரான பிச்சு எடுக்குது, தண்ணியும் உடைஞ்சு ரொம்ப வேகமா வினைபுரியற துணுக்குகள் உருவாகுது, அதுங்க புரோட்டான கடத்துற சவ்வோட வேதிப் பிணைப்பு மேல பாயுது, மின்னழுத்தம் எறங்குது. முழுக்க வேதியியல், அணுக்கரு பக்கமே போகல. இந்தக் கதிரோட ஆற்றல் சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுதான், கருவ தொடணும்னா மெகா கணக்குல, அதாவது கிலோவ விட ஆயிரம் மடங்கு பெரிய அலகுல வேணும்.

"கதிர நிறுத்தின பிறகும் பாதிப்பு இருக்கே, அப்ப கதிரியக்கம்தானே"ன்னு வாதாடுறாங்க. இல்லைங்க. கதிர நிறுத்தினா கலத்துல இருந்து ஒரு கதிரும் வராது, மிச்சம் இருக்கறது அறுந்த பிணைப்பு மட்டும்தான். அதனாலதான் ஆய்வுல டோஸ, அதாவது கலத்து மேல படுற கதிரோட அளவ குறைக்கிறாங்க, படம் எடுக்காத நேரத்துல கதிர மறைச்சு வெக்கிறாங்க. கதிரியக்கம்னு எழுதிட்டா இந்த ஏற்பாடு எதுக்குன்னே வாசகருக்கு புரியாது.

மொழிபெயர்க்கிறவங்க அகராதில முதல்ல கண்ணுல பட்டத எடுத்து ஒட்டிடுறாங்க. எக்ஸ்ரே எடுக்கற துறைக்கே கதிரியக்கவியல்னு போர்டு மாட்டுறாங்க, கதிரியல்னு சின்னதா, சரியா ஒரு சொல்லு இருக்கும்போது. பொது ஜனம் எக்ஸ்ரே எடுத்தா உடம்புல கதிர் தங்கிடும்னு பயப்படறதுல இந்தச் சொல்லுக்கும் பங்கு இருக்கு.

என் தேர்வு கதிர்வீச்சுச் சேதம். பாதிப்புன்னா நல்லதா கெட்டதான்னு பிடிபடாது, சிதைவுன்னா மறுபடியும் அணுக்கருகிட்டயே கொண்டு விட்டுடும். சேதம் வடசொல்லுன்னு குறை சொல்றவங்க கதிர்வீச்சு ஊறுன்னு எழுதட்டும், எனக்கு அதுவும் சம்மதம்தான்.