கார் எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, சரி. காற்று எந்தப் பக்கம் போகிறது?

போடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மே மாதம் மூணாறுக்குக் கிளம்பும் கார்களில் ஒன்றிரண்டாவது முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பானட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாவது கியர், ஏசியும் முழு வேகத்தில். எனக்கு போன் வரும். நான் முதலில் கேட்பது, "எப்போ சூடாகுது?"

தேனி ரோட்டில் எண்பதில் போகும்போது சூடு காட்டும் முள் அசையாமல் இருந்து, மலையிலும் டிராஃபிக்கிலும் மட்டும் ஏறினால் என் சந்தேகம் ஃபேன் மேல்தான். வேகமாக ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஊர்ந்து போகும்போதுதான் ஃபேனுக்கு வேலை. நேர் ரோட்டிலும் முள் ஏறினால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகல், அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு), வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பூப்பாறைக்காரர் ஒருவர் வந்தார். போடிச் சந்தைக்கு இறங்கும்போது ஒன்றும் இல்லை, திரும்பி ஏறும்போது கொதிக்கிறது. தெர்மோஸ்டாட், கூலண்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றிவிட்டார். ஃபேனைக் காட்டினால், "ஃபேன் கறங்குன்னுண்டல்லோ சேட்டா" என்கிறார். சுற்றத்தான் செய்தது. ஒரு தினசரித் தாளை கிரில் முன்னால் பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள், வெளியே பறந்தது! முன்பு எங்கோ மோட்டார் மாற்றியபோது பிளக் பொருந்தாமல் ஒயரை வெட்டி, பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வருகிற காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஒயரை இடம் மாற்றினேன், முடிந்தது.

சுற்றவே இல்லையென்றால் முதலில் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் ஓட வேண்டும். ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டார் நல்லது. சென்சாரையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். எலி கடித்த ஒயர் எங்கள் பக்கம் சாதாரணம். இரண்டுக்கும் ஓடாவிட்டால் ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). ஹார்ன் ரிலே அதே நம்பராக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுப்பேன். தட்டினால் மட்டும் ஓடுகிற மோட்டாரில் உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், ஒயர் உருகும். எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும், வியர்த்தாலும் பரவாயில்லை. ஆவி வந்துவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். கை வைத்துச் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடலாம்.

கார்த்திகையில் இன்னொரு வேடிக்கை. ஃபேன், கூலண்ட், ரேடியேட்டர் எல்லாம் சரியாக இருக்கும். சபரிமலை பேனரும் தடித்த மாலையும் கிரிலை முழுக்க மூடியிருக்கும். கழற்றச் சொன்னால் சாமிமார் முகம் சுருங்கும். டாஷ்போர்டில் இருக்கிற அய்யப்பனுக்குப் போட்டுவிடுங்கள் என்பேன்.