இன்ஷோர் லைஃப்போட்: கரைக்கடல் மீட்புப் படகு

லைஃப்போட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டைட்டானிக்கில் போதாமல் போன படகுகள்தான். மூழ்கும் கப்பலிலிருந்து தப்பி இறங்க உதவுபவை அவை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதே சொல் இன்னொரு வகைப் படகையும் குறிக்கும்: கடலில் தவிப்பவர்களை மீட்கக் கரையிலிருந்து புறப்படும் படகு. 1789இல் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வெஞ்சர்' என்ற கப்பல் தரைதட்டியபோது, கரையில் நின்றவர்களின் கண்ணெதிரே மாலுமிகள் மாண்டனர். உதவப் போகத் தோதான படகு ஒன்றும் இல்லை. அதன் விளைவாகக் கட்டப்பட்ட 'ஒரிஜினல்' 1790இல் அங்கே பணிக்கு வந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? லைஃப்போட்டுக்கு அகராதி தரும் 'உயிர்காப்புப் படகு' கப்பலில் தொங்கும் படகுக்குச் சரி. கரையிலிருந்து தேடிப் போகும் படகுக்கு 'மீட்புப் படகு' என்பதே பொருந்தும்.

இன்ஷோர் என்றால் கரையை ஒட்டிய கடல். 'கரையோர' என்றால் படகு கரையோரமாக நிற்பதாகவும் தோன்றலாம். ஆழ்கடலுக்கு எதிராக மீன்பிடித் தொழிலில் வழங்கும் 'கரைக்கடல்' இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

1824இல் தொடங்கிய, கடலில் தவிப்பவர்களை மீட்கும் ஆர்என்எல்ஐ என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம் 1963இல்தான் இவ்வகைப் படகுகளைக் கொண்டுவந்தது. கடற்கரைக்கு விடுமுறைக் கூட்டம் பெருகி, நீச்சல்காரர்களும் சிறு பாய்ப்படகுகளும் ஆபத்தில் சிக்குவது கூடியிருந்தது. பெரிய படகை இறக்க நேரமாகும். பாறை இடுக்கிலும் ஆழமற்ற நீரிலும் அது நுழையவும் முடியாது. இதற்குத் தோதாக வந்ததுதான் டி வகை: சுமார் 5 மீட்டர் நீளம், காற்றடைத்த ரப்பர் உடல், பின்புறம் வெளியே மாட்டிய 50 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகம். அதைவிடப் பெரிய அட்லாண்டிக் வகைக்கு அடிப்பகுதி கெட்டியானது, சுற்றிலும் காற்றுக்குழாய். அந்தப் பெயர் கடலிலிருந்து வந்ததல்ல. அதை உருவாக்கிய வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியிலிருந்து வந்தது. மாணவர்களோடு சேர்ந்து அதைச் செய்தவர் கல்லூரியின் தலைவர் டெஸ்மண்ட் ஹோர் என்ற முன்னாள் கடற்படை அதிகாரி. இந்த அட்லாண்டிக் படகு கவிழ்ந்தால் பின்புறச் சட்டத்தின் மேலுள்ள பை வாயுவால் உப்பிப் படகை நிமிர்த்தும். மோட்டாரை மீண்டும் கிளப்பலாம்.

அடுத்து, 'லாஞ்ச்', அதாவது படகை நீரில் விடுவது. இதற்கு 'வெள்ளோட்டம்' என்று எழுதுவது அபத்தம். வெள்ளோட்டம் புதுப் படகுக்கு ஒரே ஒரு முறைதான். இது அழைப்பு வரும்போதெல்லாம் நடப்பது. 'படகை இறக்குதல்' போதும். கடலோரக் காவல்படை தகவல் தந்ததும் பேஜர் ஒலிக்கும். பெரும்பாலும் தன்னார்வலர்களான குழுவினர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். டிராக்டர், படகு ஏற்றிய வண்டியைக் கடலுக்குள் தள்ளும். டி வகையென்றால் இடுப்பளவு நீரில் நின்று, முகப்பு அலைக்கு நேராக இருக்கும்படி கையால் பிடித்துக்கொள்வார்கள். பக்கவாட்டில் அலை அடித்தால் கதை முடிந்தது. அப்புறம் மோட்டாரைத் தாழ்த்திக் கிளப்புவார்கள். ஓட்டுபவரின் உடலோடு ஒரு கயிறு பிணைத்திருக்கும். அவர் தவறி விழுந்தால் அது மோட்டாரிலிருந்து கழன்று மோட்டார் நின்றுவிடும். சில துறைமுகங்களில் கிரேனால் இறக்குவார்கள்.

லண்டனில் வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் ஆற்றில் மிதக்கும் நிலையத்தில் 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள், படகும் நீரிலேயே கிடக்கும். அங்கே கட்டிய கயிற்றை அவிழ்த்தால் போதும்.