கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரம்

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகள் பலரின் கையில் இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். எந்த மருந்து, என்ன அளவில், எத்தனை மணிக்குப் போட்டார்கள், மயக்க மருந்து ஒத்துக்கொண்டதா என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் பல பரிசோதனைகளை முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை, நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுத்தால் விதி 7.2இன்படி அதுவே ஒழுங்கீனம். சிகிச்சையில் தவறு நடந்ததா என்பது வேறு கேள்வி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகளைக் காட்டிச் சிலர் வாதிடலாம். அவை அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 விதிகளே மீண்டும் நடப்புக்கு வந்தன.

பெரும்பாலும் காரியம் கெடுவது ரிசப்ஷனில் வாய்மொழியாகக் கேட்பதால்தான். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த நாள், வெளியேறிய நாள் மூன்றும் இருக்கட்டும். ‘எல்லா ரெக்கார்டும்’ என்று எழுதினால் மறுபடி சம்மரியையே நீட்டுவார்கள். கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம், நர்ஸ் சார்ட், ஆய்வக அறிக்கை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். உங்கள் நகலில் முத்திரை, தேதியோடு நேரமும் வேண்டும். கெடு மணிக்கணக்கில் அல்லவா? வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் போனால் நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் தேவை.

ஜெராக்ஸ் செலவைக் கேட்டால் கொடுத்துவிடலாம். பில் பாக்கிக்காக ரெக்கார்டை நிறுத்தி வைக்க இந்த விதியில் இடமில்லை.

மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று: கடிதம் வந்த பிறகு கேஸ் ஷீட்டைத் ‘திருத்தி’ எழுதாதீர்கள். மையும் கையெழுத்தும் மாறுவது நீதிமன்றத்தில் எளிதில் பிடிபடும். சரியான சிகிச்சையும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகும். சிகிச்சையின்போதே பிழை கண்டால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியும் கையொப்பமும் இடுங்கள்.

72 மணி நேரம் தாண்டியும் வரவில்லையென்றால் மருத்துவர் பதிவு செய்துள்ள கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது மருத்துவர்மேல் நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வாங்கித் தராது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்; அங்கே கெடு 2 ஆண்டுகள். பதிவு எண்ணைத் தேடி அலைய வேண்டாம்: மருந்துச் சீட்டிலும் பண ரசீதிலும் அதைக் குறிப்பிட வேண்டியது மருத்துவரின் கடமை.