வீசுகோலுக்கு முந்தி வரும் சத்தம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் நடந்த வில்லுப்பாட்டை உள்ளூர்க் கேபிளில் நேரலையாகப் பார்த்தேன். பாடும் புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்குகிறார், அது வில்லில் படுவதற்கு முன்னாலேயே வில்லில் கட்டிய மணியின் சத்தம் கேட்டுவிடுகிறது. பாட்டும் உதடும்கூட ஒட்டவில்லை. ஒலி ஒளியைவிட மெதுவாகத்தானே போகும்? பிந்தி வந்தால் நியாயம். முந்தி எப்படி வரும்?"

நல்ல கேள்வி. நியாயமான எரிச்சலும்கூட. ஒளிபரப்பில் வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் கேமராக்காரர்களுக்கும் தினசரித் தலைவலியே இதுதான்.

தாமிரபரணிப் படித்துறையில் நின்று 100 மீட்டர் தள்ளித் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, திரும்ப மேலே எழும்போதுதான் 'தொப்' என்று கேட்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். இது பள்ளிக்கூடப் பாடம், இதோடு விடுவோம்.

ஆனால் தொலைக்காட்சிக்குப் போகும் ஒலி இப்படிக் காற்றில் நடந்து போவதில்லை. மைக் வில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அங்கேயே மின்குறியாக மாறி, ஒயர் வழியே ஓடி, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரைத் தாண்ட ஓரிரு மில்லி விநாடி போதும். படத்தின் பாடுதான் பெரும்பாடு. நம் நாட்டில் தொலைக்காட்சிப் படம் விநாடிக்கு 25 ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்), அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடி. கேமரா ஒரு ஃபிரேமை முழுதாக வாங்கி அனுப்ப நேரம் எடுக்கும். மூன்று கேமராக்களின் படங்களை ஒரே தாளத்தில் நிறுத்த, கேமராவை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் என்ற கருவி அவற்றைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். அடியில் நன்கொடையாளர் பெயர் ஓட வேண்டுமென்றால் இன்னொரு ஃபிரேம். ஒயர் இல்லாத கேமரா என்றால் அதற்கு மேலும் தாமதம். ஒவ்வொரு பெட்டியும் "ஒரு நிமிஷம் இரு" என்று படத்தை உட்கார வைக்கிறது. ஒலிக்கு அப்படி எந்த வாசலும் இல்லை, நேராக வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவே ஒலிப்பதிவுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒலியையும் அதே அளவு பிடித்துவைக்க வேண்டும். மிக்ஸரில் அதற்கென்றே 'டிலே' என்று ஒரு வசதி இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் அதைப் போட வேண்டும். பாடுபவருக்கு முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் தன் குரலே பிந்தி வந்து புலவருக்கு நாக்குக் குழறிவிடும்.

எவ்வளவு பிடித்துவைப்பது? போன வைகாசியில் ஒரு கொடையில், எனக்குத் தெரிந்த ஒலிப்பதிவுத் தம்பி ஒருவர் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீசுகோல் வில்லில் படும் இடத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தார். கோல் மேலே, இன்னும் மேலே, இறங்குகிறது, பட்டது. கீழே ஒலியை வரைந்து காட்டும் கோட்டில் மணிச்சத்தத்தின் முள் அதற்கு மூன்று ஃபிரேம் முன்னாலேயே எழும்பி நின்றது. மூன்று நாற்பது 120. அந்த எண்ணை மிக்ஸரில் அடித்தார். சினிமாவில் கட்டையைத் தட்டுகிறார்களே, அதே வேலையை வீசுகோல் இன்னும் அழகாகச் செய்கிறது. பார்த்தாலே தெரியும் வேகம், கேட்டாலே தெரியும் கூர்மை.

சரி, 120 மில்லி விநாடி என்பது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லையே, அது ஏன் நம்மை இவ்வளவு உறுத்துகிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில் சில எண்கள் இருக்கின்றன. ஒலி படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. சகிக்க முடியாத எல்லை என்று எடுத்தாலும் முந்துவதற்கு 90, பிந்துவதற்கு 185. இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை, பாருங்கள்! பிந்தி வரும் ஒலியை நாம் பெரிய மனதோடு மன்னிக்கிறோம். முந்தி வந்தால் உடனே முகம் சுளிக்கிறோம்.

காரணத்தைத் தேடிப் படித்துறைக்கே திரும்பிப் போகலாம். பிறந்த நாளிலிருந்து நாம் பார்த்த உலகத்தில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. இடி, அதிர்வேட்டு, மரம் வெட்டுவது எல்லாமே அப்படித்தான். கோல் படுவதற்கு முன் மணி ஒலிப்பது இயற்கையில் ஒருமுறைகூட நடந்ததில்லை. அதைப் பொறுத்துக்கொள்ள மூளைக்கு எந்தப் பழக்கமும் இல்லை.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நமக்குள்ளே போனதும் ஓட்டப்பந்தயம் தலைகீழாகிவிடுகிறது. காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அசைந்த மாத்திரத்தில் மின்குறி பிறந்துவிடும். விழித்திரைச் செல்லிலோ ஒளி பட்டதும் ஒரு வேதிவினை இன்னொன்றைத் தட்டியெழுப்பி, அது மற்றொன்றைத் தட்டியெழுப்பி, சில பத்து மில்லி விநாடிகள் கழிந்துதான் செய்தி கிளம்புகிறது. வெளியே ஒளி முந்துகிறது, உள்ளே ஒலி முந்துகிறது. இரண்டும் மூளையில் ஒன்றாகக் கைகோக்கும் ஒரு தூரம் இருக்க வேண்டுமல்லவா? அது ஏறக்குறைய பத்து மீட்டர். கொடைப் பந்தலில் வில்லுக்காரர்களிடமிருந்து அந்த அளவு தள்ளிச் சமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். கோலின் அசைவும் மணியின் சத்தமும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் இடம் அவர்களுடையது.

பெரிய மேடைகளின் பக்கத்தில் எல்இடி திரை வைக்கிறார்களே, அதிலும் இந்தக் கணக்கு விளையாடுகிறது. திரையில் படம் 100 மில்லி விநாடிக்கு மேல் பிந்தினால் முன்வரிசைக்காரருக்கு உதடு ஒட்டாது. ஆனால் மேடை ஸ்பீக்கரிலிருந்து 40 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒலியே சுமார் 115 மில்லி விநாடி நடந்துதான் வருகிறது. திரையின் தாமதமும் காற்றின் தாமதமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் நின்று சுண்டல் தின்பவருக்குத்தான் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்.

அந்த இரவுக்கு வருகிறேன். வில்லுக்காரர்கள் சாமியைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அவர்கள் முகம் தெரிய வேண்டுமானால் கேமரா சாமிக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வீடுகளிலிருந்து "சத்தம் முந்துது" என்று போன் வந்ததும், "சாமி பார்வையை மறிச்சா இப்படித்தான் ஆவும்" என்றார் ஒரு பெரியவர். கேமராவை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அரைமணி நேரம் புலவரின் காதுதான் ஒளிபரப்பானது, சத்தம் அப்படியே முந்திக்கொண்டிருந்தது. சாமி முன் கேமரா கூடாது என்று ஊர் முடிவெடுத்தால் அதற்குக் கட்டுப்படுவேன், அது மரியாதை. ஆனால் மூன்று ஃபிரேம் தாமதத்துக்குச் சாமியைக் காரணம் சொல்வது சாமிக்கும் மரியாதை இல்லை, விடிய விடிய வேலை பார்க்கும் பையன்களுக்கும் நியாயம் இல்லை.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. பியானோ வாசிப்பவர்கள், பியானோ இசையில் ஒலியும் படமும் விலகுவதை மற்றவர்களைவிட நுட்பமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே சோதனையை வில்லுப்பாட்டுக்காரர்களிடமும் தவில்காரர்களிடமும் செய்து பார்க்க ஒரு கணினி, ஒரு திரை, ஒரு ஹெட்போன், பொறுமையான ஒரு மாணவர் போதும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்து ஏறினால் வில்லுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்குப் போய்விடலாம். பெரிய கருவிகளுக்குக் கோடிகளை ஒதுக்கும்போது இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்கும் சில லட்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தம்பி 120 என்று அடித்தார் அல்லவா? மறுபடி பதிவுசெய்து நகர்த்திப் பார்த்தோம். கோல் பட்ட ஃபிரேமும் மணியின் முள்ளும் நேர்க்கோட்டில் நின்றன. ஆனால் மானிட்டர் திரையில் ஓடவிட்டால் எங்கள் இருவருக்குமே சத்தம் லேசாகப் பிந்துவது போல் இருந்தது. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான்: விலகிய ஒலியையும் படத்தையும் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்த்தாலே, மூளை 'ஒரே நேரம்' என்பதன் எல்லையை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொள்கிறது. நாங்களோ சாயங்காலத்திலிருந்து முந்திய சத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

"அண்ணாச்சி, இப்பம் பிந்துத மாதிரி இருக்குல்லா?" என்றார் தம்பி. கை டிலே எண்ணைக் குறைக்கப் போனது, பிறகு நின்றது. அந்நேரம் டீத்தூக்கோடு ஒரு பையன் வந்தான். கொடைப் பந்தல் பக்கமே வராமல் அதுவரை கடையில் நின்றவன்.

"ஏல, இங்க வா. அந்தக் கோலு வில்லுல படுததும் சத்தமும் ஒண்ணா இருக்கா, பாத்துச் சொல்லு."

பையன் மானிட்டரை நாலு கோலடி நேரம் பார்த்தான்.

"ஒண்ணாத்தான இருக்கு. டீய எங்க வைக்க?"